உயிரோடு இருந்தவருக்கு முடித்த கருமாதி

தாலித் தட்டு தாத்தாவுக்கு நேரே வந்தது. அவர் உள்ளங்கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். தட்டு அவரைத் தாண்டிப் போய் அடுத்த நாற்காலிக்காரர் முன்னால் நின்றது.

நீட்டிய கைகள் ஒரு கணம் அப்படியே இருந்தன. பிறகு, மூட்டு வலிக்குத் தேய்த்துக்கொள்கிறவர் மாதிரி, அவற்றை முழங்காலுக்குக் கொண்டுபோனார். அந்தச் சமாளிப்பைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பற்றிக்கொண்டது. இத்தனை வருசம் ஆகியும் அணையவில்லை. அதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன். கோபமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது என் தங்கச்சி செல்வியின் கல்யாணம். ஈப்போ புந்தோங்கில், கோயிலை ஒட்டிய மண்டபம். காற்றாடிகள் கடகடவென்று சுற்றின. மல்லிகையும் சாம்பிராணியும் பின்கட்டில் கொதித்த சாம்பாரும் கலந்து ஒரே வாசம். தாலி கட்டுவதற்கு முன்னால் அதைத் தட்டில் வைத்துச் சபைக்குக் கொண்டுபோவார்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகத் தொட்டு வாழ்த்தவேண்டும். பேச்சு வார்த்தை இல்லாத பங்காளியிடம்கூடத் தட்டு நிற்கும். ஒருவரைத் தாண்டிப் போவதென்றால், அது சபையில் வைத்துச் செருப்பால் அடிப்பது.

தாண்டப்பட்டவர் மாரிமுத்து. என் அம்மாவைப் பெற்றவர். செல்வியைப் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் ஏற்றிப் போய், மழை வந்தால் தன் சட்டையைக் கழற்றி அவள் தலைக்குப் போட்டுக் கூட்டி வந்த மனிதர். அன்றைக்குக் காலையிலேயே முகம் மழித்து, தேய்த்த வேட்டியோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்.

தட்டை ஏந்தி வந்தது என் அப்பாவின் அக்கா பூங்காவனம். அத்தை கெட்டவர் இல்லை. ஆனால் தாத்தாவிடம் வரும்போது அவர் கண் முன்வரிசைக்குப் போனது. அங்கே பெரிய மண்டோர் உட்கார்ந்திருந்தார். நாங்கள் முன்பிருந்த ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்த்தவர், கோயில் தலைவராகவும் இருந்தவர். தோட்டம் போய், மண்டோர் வேலையும் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. இருந்தாலும் கல்யாணம், கருமாதி எதுவானாலும் முன்வரிசை நாற்காலி அவருக்குத்தான். அவர் ஒரு விரலை லேசாகத் தூக்கி அசைத்தார். அவ்வளவுதான். அத்தையின் கால் நகர்ந்துவிட்டது.

நான் ஓடிப்போய் அவரை மறித்தேன். "அத்தே, தாத்தாவ விட்டுட்டீங்க."

"சத்தம் போடாதடா. பெரிய மண்டோர் வேணாங்கிறாரு லா. நல்ல காரியம் நடக்கிற நேரம்."

"ஏன் வேணாமாம்?"

அத்தை குரலைத் தாழ்த்தினார். "தெரியாத மாதிரி கேக்குற. ஒங்க தாத்தாவுக்குத்தான் எப்பவோ காரியம் முடிஞ்சிருச்சே."

காரியம் என்றால் கருமாதி. எதிரே நாற்காலியில் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு.

கூட்டத்தில் யாரும் பேசாதது

கதையை நிறுத்தி ஒரு சங்கதி சொல்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப் போகப்பட்டவர்களுக்காக ஈப்போவில் அவ்வப்போது நினைவுக் கூட்டம் போடுகிறார்கள். தெரிந்தால் போவேன். கடைசி வரிசையில் உட்காருவேன். ஜப்பான்காரனைத் திட்டுவார்கள், கைதட்டுவேன். விட்டுவிட்டு ஓடிய வெள்ளைக்காரனைத் திட்டுவார்கள், அதற்கும் தட்டுவேன். எல்லாம் நியாயம். தப்பிப் பிழைத்துத் திரும்பி வந்தவர்களை நம் ஆட்கள் என்ன செய்தோம் என்று மட்டும் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை.

போன மாதம் அப்படி ஒரு கூட்டத்தில், ஏற்பாட்டாளர் தம்பி ஒருவர் காப்பியும் கையுமாக வந்தார்.

"அண்ணே, ஒங்க தாத்தா படம் ஒண்ணு குடுங்க லா. சயாம்ல செத்தவங்க வரிசையில மாட்டிடலாம்."

"தம்பி, அவரு சயாம்ல சாவல. ஈப்போ ஆஸ்பத்திரியில, என் கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் போனாரு."

"அப்படியா? தோட்டத்து ஆளுங்க எல்லாம் சயாம்னுதானே சொல்றாங்க!"

பாருங்கள். இன்னும் விடவில்லை.

மூன்று மாசம் என்று சொன்னார்கள்

எங்கள் தோட்டம் தாப்பா பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. இப்போது போனால் எண்ணெய் எடுக்கிற செம்பனையும் புது வீடமைப்பும்தான். ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கண்ணில் படவில்லை. மரவள்ளிக்கிழங்குதான் காலையிலும் மாலையிலும். சாக்கைக் கிழித்து உடுத்தினார்களாம். அந்த நேரத்தில் மண்டோர் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு லயம் வந்து சொன்னார்: சயாமில் மூன்று மாசம் ரயில் பாதை வேலை, வயிற்றுக்கு அரிசிச் சோறு, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவான்.

யார் போவது, யார் இருப்பது என்று முடிவு செய்தது அவர்தான். கேள்வி கேட்க ஆள் இல்லாதவன், மண்டோரை எதிர்த்துப் பேசினவன், சொந்தபந்தம் இல்லாதவன், இவர்கள் எல்லாம் லாரி ஏறினார்கள். மண்டோரின் தம்பிமார்கள் ஏறவில்லை. அவரையும் ஜப்பான்காரன் கன்னத்தில் அறைந்துதான் ஆள் கேட்டான் என்பார்கள். இருக்கட்டும். அறை வாங்கியது அவர் கன்னம், லாரி ஏறியது அடுத்தவன் பிள்ளை.

தாத்தாவும் ஏறினார். அவருக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

சயாமைப் பற்றி அவர் உட்கார்ந்து கதை சொன்னதே கிடையாது. ஏதாவது ஒரு வாக்கியம் நழுவி விழும். நான் அதைப் பொறுக்கி வைத்துக்கொள்வேன். மழை அடித்துப் பெய்தால், "இதெல்லாம் மழையா? அந்த ஊரு மழைக்கு வெக்கமே கெடயாதுடா" என்பார். நான் சோற்றில் குறை சொன்னால், "புழுவும் சோத்தோட வெந்திருச்சுன்னா அதுவும் சோறுதான், சாப்புடு" என்பார். ஈப்போவில் ரயில் கூவும் சத்தம் காற்றில் வந்தால் மெல்லுவதை நிறுத்திவிடுவார். அது முழுக்க அடங்கின பிறகுதான் தாடை மறுபடி அசையும்.

ஆற்றங்கரையில்

சண்டை முடிந்தது. போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். நிறையப் பேர் திரும்பவில்லை. திரும்பிய ஒருவர், மாரிமுத்துவை வாந்திபேதிக் கொட்டகையில் போட்டதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். அந்தக் கொட்டகைக்குள் போனவன் எழுந்து வந்ததில்லையாம்.

அதே நேரத்தில் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவை மறுபடி எடுக்கவேண்டும் என்று பேச்சு கிளம்பியது. சண்டைக் காலம் முழுக்க நின்றுபோன திருவிழா. கோயில் தலைவரான மண்டோருக்கு ஓர் இடைஞ்சல். லயத்தில் எத்தனையோ பெண்கள் புருசன் இருக்கிறானா, இல்லையா என்று தெரியாமல் பொட்டோடு இருந்தார்கள். செத்திருந்தால் தீட்டு. தீட்டோடு காப்புக் கட்ட முடியாது.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இதுதான். வராதவர்கள் எல்லாருக்கும் ஒரே நாளில், ஒரே ஆற்றங்கரையில், மொத்தமாகக் கருமாதி.

விடியற்காலையில் அந்தப் பெண்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆளுக்கு ஒரு கல் நட்டார்கள். கல்லுக்கு எண்ணெய் வைத்தார்கள், பால் ஊற்றினார்கள். பிறகு வரிசையாக உட்கார வைத்துத் தாலியை எடுத்தார்கள். ரப்பர் காட்டுக்குள் ஓடிய ஒருத்தியைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தார்களாம். என் பாட்டி கண்ணம்மா அந்த வரிசையில் இருந்தார். "வளையல் ஒடைஞ்ச சத்தத்துல ஆத்துச் சத்தமே கேக்கல" என்று என் அம்மாவிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

காப்புக் கட்டினார்கள். தப்பு அடித்தார்கள். கூழ் ஊற்றினார்கள். திருவிழா அமோகமாக நடந்ததாம்.

நான் கேட்கிறேன், எந்த அம்மன் கேட்டாள் இதை? தன் கழுத்தில் தாலியோடு நிற்கிறவள், இத்தனை கழுத்தை வெறுமையாக்கிவிட்டு வந்து எனக்குக் கூழ் ஊற்று என்றா சொன்னாள்?

"நீங்க செத்துப் போயிட்டீங்க"

திருவிழா முடிந்து, கட்டின தோரணம் காய்ந்து உதிர்ந்த பிறகு, ஒரு சாயங்காலம் தாப்பா சாலையிலிருந்து ஓர் உருவம் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தது. தலையில் முடி இல்லை. ஒரு கால் வீங்கியிருந்தது. பாட்டி குழாயடியில் ரப்பர் பால் வாளியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தவர் அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தாத்தா கேட்ட முதல் கேள்வி: "கழுத்து ஏன் வெறிச்சின்னு கெடக்கு?"

பாட்டி சொன்ன பதில்: "நீங்க செத்துப் போயிட்டீங்க."

வாந்திபேதிக் கொட்டகையிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, ஏதோ ஒரு கூடார ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்து, ஊர் ஊராகக் கைமாறி வந்து சேர்ந்த மனிதருக்குக் கிடைத்த வரவேற்பு அது.

தோட்டத்துப் பூசாரி நல்ல மனிதர். இதற்கு வழி இருக்கிறது என்று அவர் சொன்னார். மாரிமுத்துவைக் குளிப்பாட்டி, பிறந்த பிள்ளைக்கு வைப்பது போல மறுபடி பெயர் வைத்து, அம்மன் முன்னால் மறுபடி தாலி கட்டச் சொன்னால் முடிந்தது. மண்டோர் ஒத்துக்கொள்ளவில்லை.

"இவளுக்கு ஒருத்திக்குக் கட்டி விட்டா, மத்தவளுங்க எல்லாம் ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்துருவாளுங்க. பால் மரத்த யாரு வெட்டுறது?"

தன் தப்பு வெளியே தெரிந்துவிடும் என்பதை இதைவிட நாசூக்காகச் சொல்ல முடியுமா?

"கோயிலும் வேணாம், மண்டோரும் வேணாம், வீட்டுக்குள்ள வெச்சு நானே கட்டுறேன்" என்றாராம் தாத்தா. பாட்டி மறுத்துவிட்டார். "எங்கூட வரிசையில உக்காந்தவளுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்? அவளுங்களுக்கும் கட்ட ஆளு வரட்டும், நானும் கட்டிக்கிறேன்." வரவில்லை. பாட்டியும் கட்டிக்கொள்ளவில்லை. கட்டின புருசனோடு ஒரே கூரைக்குக் கீழே, பொட்டில்லாமல், பூவில்லாமல் கடைசி வரை வாழ்ந்தார்.

மண்டோர் மறுத்த அடுத்த நாளே விடியுமுன் பெரட்டு. வேலைக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வோம். மண்டோர் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் கூப்பிட்டார்: "மாரிமுத்து!"

"இருக்கேன்!"

கேட்டுக்கொண்டீர்களா? பாலெடுக்க மரம் வெட்ட உயிரோடு இருக்கிறார். கோயிலுக்குப் போனால் செத்தவர். பால் வாளி தூக்கலாம், விபூதி வாங்கக் கூடாது. திருவிழாவுக்கு அவரிடம் வரிகூட வாங்க மாட்டார்கள், செத்தவனிடம் எப்படி வாங்குவது என்று. இந்த ஒரு வசதி எந்த ஊரில் உண்டு?

பிறகு என் அம்மா பிறந்தார். "செத்தவன் மவ" என்று அவருக்குப் பட்டப்பெயர். குழாயடியில், பள்ளிக்கூடத்தில், கூழ் வாங்கப் போன இடத்தில், எங்கே போனாலும் அதுதான். பாட்டியின் நடத்தையைப் பற்றியும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். புருசனுக்குப் பிள்ளை பெற்ற ஒருத்தியை அப்படிப் பேச எந்த நாக்குக்கு மனசு வந்ததோ.

பாட்டி இறந்த அன்று, தாத்தா குங்குமச் சிமிழைத் திறந்து அவர் நெற்றிக்கு விரலைக் கொண்டுபோனார். பெரிய மனுசர்கள் கையைத் தட்டிவிட்டார்கள். குங்குமம் பாயில் கொட்டியது.

தூணருகே நின்றவர்

மண்டபத்துக்கு வருகிறேன்.

அத்தையோடு நான் மல்லுக்கட்டியதில் தட்டு மணவறைக்குத் திரும்பத் தாமதமாகிவிட்டது. மேடையில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மணையில் குனிந்திருந்த செல்வி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அம்மா முகத்தைப் பார்த்தாள், தாத்தா நாற்காலியைப் பார்த்தாள். அவளுக்குச் சொல்லித் தெரியவேண்டியது எதுவும் இல்லை. ஐயர் தட்டுக்குக் கை நீட்டினார்.

"இருங்க ஐயரே. தாத்தா தொட்டாச்சா?" என்றாள் செல்வி.

மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார். முன்வரிசையில் மண்டோர் கம்பை ஊன்றி எழுந்தார். எண்பதை நெருங்கின வயசு. குரல் மட்டும் அந்தப் பெரட்டுக் குரலேதான்.

"நல்ல நேரம் போவுது. அவரு தொடக் கூடாதும்மா. ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"என்னா விசயம்? யாரு தொடக் கூடாதாம்?"

குரல் பின்னால் தூணருகே இருந்து வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பாக்கியம். சித்தியவான் மார்க்கெட்டில் மீன் விற்றே பிள்ளையைப் படிக்க வைத்தவர். கணவர் இல்லாதவர் என்பதால், பெற்ற மகன் கல்யாணத்தில் தூணருகே ஒதுங்கி நின்றார். அவர் பக்கம் தட்டு போகவே இல்லை. அதை யாரும் ஒரு விசயமாகக்கூட நினைக்கவில்லை. நானும்தான்.

மண்டோர் விளக்கினார். சயாம், ஆற்றங்கரை, காரியம்.

"செத்தவரா? காலையில எங்கூட உக்காந்து பசியாறினாரே லா! சட்னியில காரம் தூக்கலா இருக்குன்னாரே!"

மண்டபம் சிரித்தது. பாக்கியம் சிரிக்கவில்லை. "ஐயா, உசுரோட இருக்க மனுசனுக்குக் கருமாதி பண்ணது நீங்க. தீட்டுன்னு ஒண்ணு இருந்தா, ஒங்க தலையிலதானே அது நிக்கணும்? அவரு ஏன் ஒதுங்கணும்?"

மண்டோரின் கம்பு தரையில் ஒரு தட்டு தட்டியது. "அறுத்தவ எல்லாம் சபையில வாயத் தொறக்கக் கூடாது."

சிரிப்பு அப்படியே செத்துப் போனது. மணையில் இருந்த மாப்பிள்ளை எழுந்திருக்கப் பார்த்தான். ஆனால் அவனுக்கு முன்னால் எழுந்தது தாத்தா.

லாரியில் ஏற்றியபோது பேசாதவர், குங்குமம் கொட்டியபோது பேசாதவர், தட்டு தாண்டிப் போனபோதும் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தவர். நேரே போய் அத்தையின் கையிலிருந்து தட்டை வாங்கினார். தானே தொடப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். தொடவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு, வீங்கி வீங்கி வளைந்துபோன அந்தக் காலை இழுத்து இழுத்து, தூண் வரைக்கும் போனார்.

"தொடுங்க சம்மந்தி."

அவ்வளவு நேரம் அடுத்தவருக்காக முழங்கியவருக்குத் தன் முறை வந்ததும் தைரியம் போய்விட்டது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "நானா? வேணாங்க. எனக்கு ஒரே பிள்ள. ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா..."

"எம் பொண்டாட்டி கழுத்துல ஒண்ணும் இல்லம்மா." தாத்தா சத்தம் போடவில்லை. இருந்தும் மண்டபத்துக் கடைசி வரை கேட்டது. "வெறுங்கழுத்தோட எனக்குச் சோறு போட்டா. வெறுங்கழுத்தோட என் காலுக்கு எண்ண தேச்சு விட்டா. வெறுங்கழுத்தோட ஒரு பொண்ணப் பெத்தா, அந்தா மேடையில நிக்குது. நான் நல்லாத்தான் இருக்கேன். அவளால எனக்கு ஒரு கெடுதலும் வரல. எனக்குக் கெடுதல் வந்த எடம் வேற."

சொல்லிவிட்டு மண்டோரைப் பார்த்தார். ஒரு பார்வைதான்.

பாக்கியம் கையை முன்னுக்குக் கொண்டுவந்தார். சேலையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். மஞ்சள் கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் தாத்தா தொட்டார். அவரே தட்டை மணவறைக்குக் கொண்டுபோனார். ஐயர் வாங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை கையில் தாலி. சபையிலிருந்து யாராவது பெரியவர் குரல் கொடுக்கவேண்டும். வழக்கமாக அது மண்டோரின் வேலை. எல்லார் கண்ணும் அவர் பக்கம் போனது.

"கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

தாத்தாவின் குரல். பிசிறு இல்லாமல், ஓங்கி. அப்படி ஒரு குரல் அவருக்குள் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது. மேளம் பிளந்துகொண்டு எழுந்தது. மேடையைப் பார்த்து மண்டபம் முழுக்க மஞ்சள் அரிசி பறந்தது.

நான் முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தேன். மண்டோர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பங்கு அரிசி மூடின கைக்குள்ளேயே இருந்தது. கடைசி வரை போடவில்லை. தப்பு செய்துவிட்டேன் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, சாகும்வரைக்கும் சொல்லவில்லை.

போடாவிட்டால் போகட்டும். அவர் அரிசி இல்லாமலேயே என் தங்கச்சி சித்தியவானில் நன்றாக இருக்கிறாள்.